கேள்வி – பதில்: மீட்டருக்கு எட்டாத இடம்

கேள்வி: வியாசர்பாடியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். வெளியூரில் ஆராய்ச்சி செய்யும் என் மகள், குவாண்டம் ஹால் நிலையில் இருக்கும் எலெக்ட்ரான்கள் மீது லேசர் பாய்ச்சிப் பார்ப்பதாகச் சொல்கிறாள். மின்சார சமாசாரத்தை மீட்டர் வைத்து அளந்தால் போதாதா? வெளிச்சம் எதற்கு?
– ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: ஐயா, மீட்டரை நம்பித் தொழில் செய்பவர் கேட்க வேண்டிய கேள்விதான் இது. இந்தத் துறை பிறந்ததே மீட்டரில்தான். 1980இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் கிளாஸ் வான் கிளிட்சிங், சிலிக்கான் டிரான்சிஸ்டர் ஒன்றைக் கடுங்குளிரில் வைத்து, வலுவான காந்தப்புலம் கொடுத்து அளந்தார். குறுக்கே அளந்த மின்தடை, 25,812.807 ஓமை ஒரு முழு எண்ணால் வகுத்தால் வரும் மதிப்புகளில் அசையாமல் நின்றது. இதுதான் குவாண்டம் ஹால் விளைவு. 1985இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஏன் அப்படி நிற்கிறது? உங்கள் பகுதி ஹவுசிங் போர்டு குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். மாடிக்கு மாடி வீடுகளின் எண்ணிக்கை ஒன்றுதான். மெல்லிய ஒரே தளத்தில் அடைபட்ட எலெக்ட்ரான்களுக்குக் காந்தப்புலம் இப்படித்தான் மாடி மாடியாக இடம் ஒதுக்குகிறது. ஒரு டெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு) புலத்தில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு, மாடி ஒன்றுக்கு ஏறத்தாழ 2,400 கோடி இடங்கள். புலத்தைக் கூட்டினால் இடங்களும் கூடும், மாடிகளுக்கு நடுவே உள்ள உயரமும், அதாவது ஆற்றல் இடைவெளியும், கூடும். ஒரு மாடி முழுக்க நிரம்பி, அடுத்தது காலியாக இருக்கும்போது உள்ளே இருக்கும் எலெக்ட்ரான் நகர வழியில்லை. மின்னோட்டத்தை ஓரங்களே சுமக்கின்றன. நீளவாக்கில் அளக்கும் மின்தடை பூஜ்யத்துக்கு இறங்கிவிடுகிறது.

சிக்கல் இங்கேதான். பூஜ்யம் காட்டும் மீட்டர், நடுவில் இருக்கும் கூட்டத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. 1982இல் சூய், ஸ்டோர்மர், கோசார்ட் மூவரும் மாடியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் நிரம்பியபோதும் மின்தடை அப்படி நிற்பதைக் கண்டார்கள். எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கி, சேர்ந்தே ஒரு புதிய திரவமாக மாறுவதால் வருவது அது. அந்தத் திரவத்தின் உட்புறத்தை விசாரிக்கத்தான் உங்கள் மகளுக்கு ஒளி வேண்டும்.

லேசர் பட்டதும், இந்தச் சோதனைகளில் பயன்படும் கேலியம் ஆர்சனைடு என்ற குறைக்கடத்தியில் ஓர் எலெக்ட்ரான் மேலே எழும்பும், அது இருந்த இடத்தில் துளை விழும். ஏதோ ஓர் எலெக்ட்ரான் அந்தத் துளையில் திரும்ப விழும்போது ஒளி வெளிவரும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி அது. அலைநீளம் 800 நானோமீட்டரைச் சற்றுத் தாண்டும். காந்தப்புலத்தை மாற்ற மாற்ற அந்த நிறமாலைக் கோடு எப்படி நகர்கிறது, எங்கே பிளக்கிறது என்று பார்க்கிறார்கள். லேசர் கொஞ்சம் கூடினாலும் மாதிரி சூடாகிவிடும் என்பதால், மிக மங்கலான ஒளியை ஒளியிழை வழியாகக் குளிர்கலனுக்குள் இறக்குகிறார்கள்.

ஆனால் அந்தத் துளை நடுநிலையான சாட்சி அல்ல. அதற்கு நேர் மின்னூட்டம் உண்டு; எலெக்ட்ரான்களைத் தன்னிடம் இழுக்கும். துளை எலெக்ட்ரான்களின் தளத்திலேயே இருந்தால், மிக வலுவான புலத்தில், வெளிவரும் ஒளியின் ஆற்றல் ஒற்றை எலெக்ட்ரான்–துளை ஜோடி தருவதைப் போலவே இருக்கும் என்று 1990களின் தொடக்கத்தில் கோட்பாட்டாளர்கள் காட்டினார்கள். அதாவது கூட்டத்தின் கதை அதில் பதிவாகாது! அதற்கு ஒரு வழி, தளத்திலிருந்து சில பத்து நானோமீட்டர் தள்ளி பெரிலியம் அணுக்களை மெல்லிய அடுக்காகப் பதித்து, துளையை அங்கே பிடித்துவைப்பது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த உத்தி இது.

இன்னொரு வழி, 1928இல் நம் ராமன் கண்ட சிதறல். உள்ளே போன ஒளிக்கும் திரும்பி வந்த ஒளிக்கும் உள்ள ஆற்றல் வேறுபாடுதான் திரவத்தைக் கிளர்த்தச் செலவான தொகை. 1993இல் ஆரன் பின்சுக் குழு மூன்றில் ஒரு பங்கு நிலையில் இதை அளந்தது. மகள் இந்த இரண்டு வழிகளில் எதைக் கையாள்கிறார் என்று கேளுங்கள், மகிழ்ச்சியோடு விளக்குவார்.

கேள்வி: நான் இயற்பியல் இளநிலை மாணவி. இதை எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் செய்ய முடியுமா?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: முடியாதம்மா. திரவ ஹீலியக் குளிரும் பல டெஸ்லா காந்தமும் வேண்டும். ஆனால் 1879இல் எட்வின் ஹால் கண்ட சாதாரண ஹால் விளைவை ஜெர்மேனியம் படிகத்தில் கட்டாயம் செய்யுங்கள். காந்தம் இல்லாதபோதே மீட்டர் சில மில்லிவோல்ட் காட்டினால் கருவி கெட்டுவிட்டது என்று எண்ணாதீர்கள். எதிரெதிர் மின்முனைகள் நேர்க்கோட்டில் அமையாததால் வருவது அது. காந்தப்புலத்தின் திசையைத் திருப்பி இன்னொரு முறை அளந்து, இரண்டு அளவீடுகளின் வித்தியாசத்தைப் பாதியாக்குங்கள். பெரிய ஆய்வகங்களிலும் இப்படித்தான் செய்கிறார்கள்.