தானாகப் பாய்ந்த ஹெட்ரெஸ்ட்: யாரைக் கேட்பது?

கேள்வி: நான் குழித்துறையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். திருவனந்தபுரத்தில் பழைய கார்கள் விற்கும் ஒரு நிலையத்தில் 2021 மாடல் கார் ஒன்றை 11 லட்ச ரூபாய்க்கு வாங்கினேன். வருகிற தை மாதத்தோடு வாங்கி 2 ஆண்டு நிறைகிறது. ஓணத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை என் மருமகள் தக்கலையிலிருந்து காரை ஓட்டி வந்துகொண்டிருந்தார். எதன்மீதும் மோதாமலே ஓட்டுநர் இருக்கையின் ஹெட்ரெஸ்ட் படாரென்று முன்னால் பாய்ந்து அவருடைய பின்னந்தலையில் அடித்தது. வண்டி தடுமாறிச் சாலையோரக் கல்லில் உரசி நின்றது. கழுத்தில் 3 வாரம் காலர் போட்டிருந்தார், வேலைக்குப் போகவில்லை. வாரண்டி முடிந்துவிட்டது, நீங்கள் இரண்டாவது உரிமையாளர், வெளியில் சீட் கவர் போட்டிருக்கிறீர்கள், ஆகவே எங்களுக்குப் பொறுப்பில்லை என்கிறது கம்பெனி சர்வீஸ் சென்டர். மாற்றித் தர 62,000 ரூபாய் கேட்கிறார்கள். விற்றவரோ, வழக்குப் போடுவதானால் திருவனந்தபுரத்துக்கு வாருங்கள் என்கிறார். சீட் கவர் மார்த்தாண்டத்தில் போட்டது. அந்தக் கடைக்காரர்மீதும் வழக்குப் போட வேண்டுமா? நான் என்ன செய்யலாம்?

பதில்: ஐயா, முதலில் நான் ஒரு கேள்வி கேட்கிறேன். அந்த ஹெட்ரெஸ்ட் இப்போது எங்கே இருக்கிறது? உங்கள் காரில் இருந்தால் நல்லது. சர்வீஸ் சென்டரில் கழற்றி வைத்திருக்கிறார்கள் என்றால் இன்றைக்கே போய் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 62,000 ரூபாயைக் கட்டிப் புதியது போட்டுக்கொண்டு, பிறகு வழக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய பாகம் ஆக்கர் (பழைய சாமான் வாங்குபவர்) மூட்டைக்குள் போய்விட்டால் உங்கள் வழக்கில் பாதி அதோடு போய்விடும். ஏன் என்பதைச் சொல்கிறேன்.

உங்கள் காரில் இருப்பது சாதாரண ஹெட்ரெஸ்ட் அல்ல. பின்னாலிருந்து ஒரு வண்டி வந்து மோதினால், இருக்கை நம் முதுகை முன்னே தள்ளும். தலை மட்டும் இருந்த இடத்திலேயே பின்தங்கும். அந்த இடைவெளியில்தான் கழுத்து மடங்கிக் காயப்படுகிறது. இடைவெளியைக் குறைப்பதற்காக, மோதல் நேரத்தில் தானே முன்னகர்ந்து தலையைத் தாங்கும் ஹெட்ரெஸ்ட்டுகளை 1990-களின் கடைசியிலிருந்து செய்து வருகிறார்கள். இவற்றில் ஒரு வகையில், பயணியின் முதுகு இருக்கையில் அழுந்தும்போது உள்ளே இருக்கும் நெம்புகோல் ஹெட்ரெஸ்ட்டை நகர்த்தும். மற்றொரு வகையில் ஹெட்ரெஸ்ட்டுக்குள்ளேயே ஒரு வலுவான சுருள்வில்லை அமுக்கிக் கொக்கியில் மாட்டி வைத்திருப்பார்கள். ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி "பின்னால் மோதல்" என்று உத்தரவிட்டதும் கொக்கி விடுபடும், வில் பாயும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுடையது இந்த இரண்டாம் வகை.

எலிப்பொறியைக் கட்டி வைப்பது போன்ற ஏற்பாடுதான் இது. பொறி விழாத நேரத்திலும் விசை முழுவதையும் ஒரு சிறு துண்டு தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். அந்தத் துண்டு பிளாஸ்டிக் என்றால், ஆண்டுக்கணக்கான அழுத்தத்திலும் வெயிலில் நிறுத்திய காரின் சூட்டிலும் கீறல் விழ வாய்ப்புண்டு. அமெரிக்காவில் டாட்ஜ், ஜீப் போன்ற கார்களின் உரிமையாளர்கள் 2018-இல் கலிபோர்னியாவில் ஃபியட் கிரைஸ்லர் நிறுவனத்தின்மீது தொடுத்த கூட்டு வழக்கில் வைத்த குற்றச்சாட்டு இதுவே: உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பிடிப்பான் உடைவதால் விபத்தே இல்லாமல் ஹெட்ரெஸ்ட் பாய்கிறது என்றார்கள். அந்த வழக்கை வைத்து நம் நுகர்வோர் ஆணையம் தீர்ப்பு எழுதாது. உங்கள் கார் வேறு, அந்தக் கார்கள் வேறு. ஆனால் எந்த இடத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அது நமக்குக் காட்டிக்கொடுக்கிறது.

ஆகவே உங்களுக்கு இரண்டு சான்றுகள் தேவை. ஒன்று, அந்தப் பிடிப்பானின் இன்றைய நிலை. மற்றொன்று, ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் ஸ்கேன் அறிக்கை. மோதல் எதுவும் பதிவாகவில்லை என்று அந்த அறிக்கை சொன்னால், யாரும் உத்தரவிடாமலே ஹெட்ரெஸ்ட் பாய்ந்திருக்கிறது என்றாகிறது. அதற்குமேல் விளக்கம் சொல்ல வேண்டியது கம்பெனிதான். ஸ்கேன் செய்யக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். சர்வீஸ் சென்டர் உங்கள் புகாரை எழுதிக்கொள்ளும் ஜாப் கார்டில் "மோதல் இல்லாமல் ஹெட்ரெஸ்ட் பாய்ந்தது" என்ற உங்கள் புகார் அதே சொற்களில் இருக்கிறதா என்று பாருங்கள். "ஜெனரல் செக்கப்" என்று எழுதி முடித்திருப்பார்கள், திருத்தச் சொல்லுங்கள். திருப்தி என்று அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். அமுக்கினால் பழையபடி மாட்டிக்கொள்ளும், ஓட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லும் சர்வீஸ் சென்டர்களையும் பார்த்திருக்கிறேன். பிடிப்பானில் கீறல் இருந்தால் அது மறுபடியும் பாயும்.

ஹெட்ரெஸ்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடாது, பின்னால் ஒரு பைக் வந்து இடித்தாலும் கழுத்துக்குத் தாங்கல் இருக்காது. பக்கத்து இருக்கையிலும் அதே பாகம், அதே வயதில் இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள். சோதனை முடியும்வரை கார் வீட்டிலேயே நிற்கட்டும்.

இனி அவர்கள் சொன்ன காரணங்களுக்கு வருகிறேன்.

திருவனந்தபுரத்துக்கு வாருங்கள் என்பதை முதலில் தள்ளிவிடலாம். பழைய 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தச் சங்கடம் இருந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 34-ஆவது பிரிவு, புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம் என்கிறது. நீங்கள் களியக்காவிளையைத் தாண்ட வேண்டியதில்லை. நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் இருப்பதால் மாவட்ட ஆணையத்துக்கே அதிகாரம். 10 முதல் 20 லட்சம் வரையிலான விலைக்குக் கட்டணம் 400 ரூபாய். ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறியிருக்கிறதா? என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி நம் டி.என். 75 பதிவெண்ணுக்கு மாற்றாமல் கேரளத்தின் கே.எல். எண்ணிலேயே ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நம் எல்லைப் பகுதியில் ஏராளம். அப்படி இருந்தால் எதிர்தரப்புக்கு முதல் வாதத்தை நீங்களே எடுத்துக் கொடுத்தது போலாகும்.

வாரண்டி முடிந்துவிட்டது என்பதும் முழுப் பதில் அல்ல. குறைபட்ட பொருளால் விளைந்த தீங்குக்கு உற்பத்தியாளர் பொறுப்பு என்பதைச் சட்டத்தின் 6-ஆவது அத்தியாயம் வாரண்டியிலிருந்து தனியாக வைத்திருக்கிறது. 84-ஆவது பிரிவின்படி, உற்பத்தியில் குறை இருந்தாலோ, வடிவமைப்பே குறையாக இருந்தாலோ, தீங்கைத் தடுக்கப் போதிய எச்சரிக்கை தராவிட்டாலோ உற்பத்தியாளர் பொறுப்பேற்க வேண்டும். நான்கு ஆண்டுக்குள் சாதாரணப் பயணத்தில் உடைந்து தலையில் அடிக்கும் பாகத்துக்கு வாரண்டி அட்டையைக் காட்டித் தப்ப முடியாது.

இரண்டாவது உரிமையாளர் என்ற வாதம் கொஞ்சம் கனமானது. "எங்களிடம் நீங்கள் எதுவும் வாங்கவில்லை" என்று உற்பத்தியாளர் நிச்சயமாகச் சொல்வார். விலை கொடுத்து வாங்கியவரை மட்டுமல்லாமல், அவருடைய சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துகிறவரையும் சட்டம் நுகர்வோர் என்கிறது. உங்கள் மருமகள் அந்த வகையில் வருகிறார். பொருளால் தீங்கு அடைந்த நுகர்வோருக்கு உற்பத்தியாளர் ஈடு செய்ய வேண்டும் என்றுதான் சட்டம் பேசுகிறது. கடைசியாக யாரிடம் வாங்கினீர்கள் என்பதை அது அளவுகோலாக வைக்கவில்லை. எனவே உங்கள் இருவர் பெயரிலும் புகார் இருக்கட்டும். உற்பத்தியாளர், விற்ற நிலையம், சர்வீஸ் சென்டர் மூவரையும் எதிர்தரப்பினராகச் சேருங்கள்.

உங்களை அதிகம் பயமுறுத்தியிருப்பது சீட் கவர் விஷயம் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியமைத்திருந்தாலோ வழக்குப் போட முடியாது என்று 87-ஆவது பிரிவின் முதல் உட்பிரிவு சொல்வது உண்மை. ஆனால் அந்த வரியை நிறுத்திப் படியுங்கள்: விற்பனையாளர்மீது வழக்குப் போட முடியாது என்றுதான் இருக்கிறது. உற்பத்தியாளர் என்ற சொல் அங்கே இல்லை. தானே விற்பனையாளராகவும் இருக்கும் உற்பத்தியாளர் அந்தக் குடைக்குள் ஒதுங்கப் பார்ப்பார், ஒதுங்கட்டும். துணியைப் போர்த்துவது உள்ளே இருக்கும் வில்லையும் கொக்கியையும் மாற்றியமைப்பதாகுமா என்று அப்போது அவர் விளக்க வேண்டிவரும்.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள கார்களில் கண்ட சீட் கவரை மாட்டுவது ஆபத்துதான். ஏர்பேக் விரிய வழியிருக்காது. ஹெட்ரெஸ்ட்டின் முன்பாதிக்கும் பின்பாதிக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் கம்பியையோ கொக்கியையோ நுழைத்து இழுத்திருந்தால் அதுவும் பிரச்சினைதான். காரோடு வந்த கையேட்டை எடுத்து இருக்கை பற்றிய பக்கங்களைப் படியுங்கள். ஹெட்ரெஸ்ட்டுக்கு உறை போடாதீர்கள் என்ற எச்சரிக்கையே இல்லை என்றால், 84-ஆவது பிரிவின் "போதிய எச்சரிக்கை தரவில்லை" என்ற குற்றச்சாட்டு உங்கள் கைக்கு வருகிறது. எச்சரிக்கை இருந்தால், பழைய காரை விற்றவர் கையேட்டை உங்களிடம் கொடுத்தாரா என்ற கேள்வி எழும்.

ஆணையத்தில் இதற்கு விடை சொல்லப்போவது சோதனைதான். பொருளைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பி 45 நாளுக்குள் அறிக்கை பெற 38-ஆவது பிரிவு வழி செய்கிறது. அதற்கான செலவை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும். மோட்டார் வாகன ஆய்வாளரையோ ஆட்டோமொபைல் துறைப் பேராசிரியரையோ, காரைப் பார்த்து அறிக்கை தரும் ஆணையராக நியமிக்கவும் மனுப் போடலாம். இதே மாடலில் இதே புகார் வேறு யாரிடமிருந்தெல்லாம் வந்தது என்ற ஆவணங்களைக் கம்பெனியிடம் கேட்டு வாங்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

2022 ஏப்ரல் 20 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு உங்களுக்குத் துணை நிற்கும். ஹூண்டாய் மோட்டார் இந்தியா எதிர் ஷைலேந்திர பட்நாகர் என்ற அந்த வழக்கில் பிரச்சினை நேர்மாறானது: விபத்து நடந்தும் முன்பக்க ஏர்பேக்குகள் விரியவில்லை. மோதலின் விசை போதவில்லை என்று நிறுவனம் சொன்னது. வேகத்தையும் விசையையும் கணக்கிட நுகர்வோர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்ற கருத்தோடு, 3 லட்ச ரூபாயும் மாற்று வாகனமும் கொடுக்கச் சொன்ன உத்தரவை நீதிமன்றம் உறுதி செய்தது. அது பழைய சட்டத்தின்கீழ் வந்த வழக்கு. ஆனாலும் "உங்கள் ஊர் ரோட்டில் குண்டும் குழியும் அதிகம்" என்று கம்பெனி வாதாடும்போது இந்தத் தீர்ப்பை எடுத்து வையுங்கள். மார்த்தாண்டம்–தக்கலை சாலையின் லட்சணம் நமக்குத் தெரியும். இந்தியாவில் விற்பதற்காகச் செய்த கார் அதைத் தாங்க வேண்டாமா?

என்ன கேட்பது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். பொருளால் விளைந்த "தீங்கு" என்பதில் உடல் காயமும் அதையொட்டிய மன உளைச்சலும் சேரும். அந்தப் பொருளுக்கே ஏற்பட்ட சேதம் சேராது. ஆகவே 62,000 ரூபாயை அந்தத் தலைப்பில் கேட்டால் தள்ளுபடியாகும். அதைப் பொருளின் குறைபாடு, சேவைக் குறைபாடு என்ற தலைப்பில், இலவசமாகச் சரிசெய்யும்படி கேளுங்கள். மருத்துவச் செலவு, சம்பள இழப்பு, வலி, உளைச்சல் ஆகியவற்றை மருமகளின் பெயரில் தனியாக எழுதுங்கள். சிகிச்சைச் சீட்டு, ஸ்கேன், மருத்துவமனையில் பதிந்திருந்தால் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகல், அலுவலகத்தின் விடுப்புச் சான்று எல்லாம் வேண்டும். செல்பேசியில் எடுத்த படங்களைக் கொடுக்கும்போது பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு கேட்கும், மின்னணுப் பதிவுக்கான சான்றிதழையும் இணைத்துவிடுங்கள்.

காலக்கெடு 2 ஆண்டு. காயத்துக்கு அது ஓணத்தையொட்டிய அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து ஓடுகிறது. பழைய காரை விற்ற நிலையமோ விற்ற நாளிலிருந்து எண்ணச் சொல்லும். மறைந்திருந்த குறை, தெரிந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும் என்று நாம் வாதாடலாம். ஆனால் வீணாக ஒரு வாதத்தை ஏன் வளர்க்க வேண்டும்? தைக்கு முன் தாக்கல் செய்துவிடுங்கள். முன்னதாக மூவருக்கும் 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்புங்கள். சட்டப்படி கட்டாயமில்லை, பதிலில் அவர்கள் எதைப் பிடித்துக்கொள்வார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான். வக்கீல் கட்டணம் யோசனையாக இருந்தால், பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச சட்ட உதவி உண்டு. மருமகள் நாகர்கோவிலில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் இணையத்தில் வாகனக் குறை பற்றி ஒரு புகாரும் பதிந்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவில் குறைபட்ட வாகனங்களைத் திரும்ப அழைக்கச் சொல்லும் அதிகாரம் அரசுக்கு உண்டு. 7 ஆண்டுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு அது பொருந்தும். புகார்கள் ஒரு எண்ணிக்கையைத் தொட்டால்தான் அசைவார்கள், உங்களுடையதும் அதில் ஒன்றாக இருக்கட்டும்.

மார்த்தாண்டத்துச் சீட் கவர் கடைக்காரரை வழக்கில் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் கவர்தான் காரணம் என்று நீங்களே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். அவரும் எதிர்தரப்பில் உட்கார்ந்து உங்களுக்கு எதிராகப் பேசுவார். அதற்குப் பதிலாக அவரிடமிருந்து பில்லை வாங்குங்கள், ஹெட்ரெஸ்ட்டைக் கழற்றினாரா, எப்படி மாட்டினார், எதனால் கட்டினார் என்பதைப் பிரமாணப் பத்திரமாகத் தரச் சொல்லுங்கள். அந்தக் கவரையும் கிழிக்காமல், துவைக்காமல் ஒரு பையில் போட்டு வைத்திருங்கள். சோதனைக்கு ஹெட்ரெஸ்ட்டோடு அதுவும் போக வேண்டும்.