சூளை அட்வான்ஸைத் திருப்பிக் கட்ட வேண்டுமா?

கேள்வி: பண்ருட்டி பக்கம் எங்கள் ஊர். தம்பி, அவன் மனைவி, 12 வயது மகன் மூவரும் பாகூர் பக்கத்துச் செங்கல் சூளையில் இருக்கிறார்கள். வாங்கிய அட்வான்ஸ் 60,000. இரண்டு வருஷம் கல் அறுத்தும் பாக்கி 85,000 என்கிறார் முதலாளி. அம்மா சாவுக்குக்கூட மனைவியையும் பையனையும் நிறுத்திக்கொண்டு தம்பியை மட்டும்தான் அனுப்பினார். பத்திரத்தில் கைநாட்டு வாங்கியிருக்கிறார். என் செயினை அடகு வைத்துக் கட்டிவிடலாமா?

பதில்: கட்டாதீர்கள் அம்மா, ஒரு ரூபாய்கூட. அட்வான்ஸைக் காட்டி ஆளை வெளியே விடாமல் வேலை வாங்கினால் அது கொத்தடிமைக் கடன். 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அந்தக் கடனையே ரத்து செய்துவிட்டது. அதை வசூலிக்க முதலாளி கோர்ட்டுக்குப் போக முடியாது, பத்திரமும் செல்லாது. ரத்தான கடனுக்கு அவர் பணம் வாங்கினால் அதற்கே மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியதும் அவர்தான், உங்கள் தம்பி அல்ல.

சாவுக்குத் தம்பியை மட்டும் அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் அதுதான் முக்கியமான வரி. மனுவில் அதையே முதலில் எழுதுங்கள்: எந்தத் தேதி, எத்தனை நாள் விட்டார்கள், திரும்பக் கூட்டிப்போக வந்த மேஸ்திரி யார். ஆயிரம் கல்லுக்கு என்ன கூலி பேசினார்கள், வாரச் செலவுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதையும் சேருங்கள். கணக்கு நோட்டை முடிந்தால் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மாட்டிக்கொள்வான் என்றால் வேண்டாம்.

"அவனாகத்தானே வந்தான்" என்பார்கள். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று 1982-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏமாற்றியோ மிரட்டியோ ஆளைக் கொண்டுபோய்ச் சுரண்டியிருந்தால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-வது பிரிவில் அது ஆள்கடத்தல். அங்கே அவர்கள் சம்மதித்தார்களா என்ற கேள்விக்கே இடமில்லை. 2011-இல் இந்தியா ஏற்ற ஐ.நா. ஆள்கடத்தல் தடுப்பு நெறிமுறையும் இதையே சொல்கிறது. கட்டாய உழைப்புக்கு எதிரான சர்வதேச தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கையை நாம் ஏற்றது 1954-இல். இத்தனை காலத்துக்குப் பிறகும் ஒரு குடும்பம் அட்வான்ஸுக்குப் பிணையாகக் கிடப்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சரி, எங்கே போவது? வேலை நடக்கும் இடம்தான் கணக்கு. சூளை பாகூர் பக்கம் என்பதால் மனு புதுச்சேரி மாவட்ட ஆட்சியருக்குப் போக வேண்டும். கடலூர் ஆட்சியருக்கும் ஒரு நகல் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஊர் திரும்பியபின் மறுவாழ்வு வேலை அங்கேதான். ஸ்டேஷனில் "கொடுக்கல் வாங்கல், பேசித் தீர்த்துக்கோங்க" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பையன் வேலை செய்வதைக் குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லுங்கள். நீங்களாகச் சூளைக்குப் போக வேண்டாம். விஷயம் தெரிந்தால் ராத்திரியோடு ஆட்களை வேறு சூளைக்கு மாற்றிவிடுவார்கள்.

மீட்கும் அன்று முதலாளி எதிரில் வாக்குமூலம் எடுக்கவிடாமல், தனியாக எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கொத்தடிமையிலிருந்து மீட்டதாக அதிகாரிகள் தரும் விடுதலைச் சான்றிதழ் கையில் வராமல் வண்டி ஏற வேண்டாம். அது இல்லாவிட்டால் மத்திய அரசின் மறுவாழ்வு நிதி கிடைக்காது. உடனடி உதவி ஆளுக்கு 30,000 ரூபாய் வரை உண்டு, அதற்கு வழக்கு முடியக் காத்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் இருளர் போன்ற பழங்குடியோ பட்டியல் சாதியோ என்றால் மனுவில் குறிப்பிடுங்கள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும்.

வக்கீலுக்குச் செலவு வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே வைத்துத் தருவார்கள். சட்ட உதவி எண் 15100-க்கு நாளைக்கே போன் செய்யுங்கள்.