ஸ்கேன் செய்த பாடத்தில் குறிப்பு ஒட்டுமா?

கேள்வி: மலேசியாவின் பட்டர்வொர்த்தில் டியூஷன் நடத்துகிறேன். படிவம் 4, 5 மாணவர்கள் 18 பேர். தமிழ் இலக்கியப் பாடங்களை என் வலைத்தளத்தில் பி.டி.எஃப். கோப்புகளாகப் போட்டு வைத்திருக்கிறேன். பாதி பழைய ஸ்கேன். பிள்ளைகள் வரிக்கு அடியில் கோடு போட்டு, பக்கத்திலேயே கருத்து எழுத வேண்டும். மற்றவர் எழுதியதையும் படிக்க வேண்டும். இப்போது படமெடுத்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்புகிறார்கள், எது யாருடையது என்றே தெரியவில்லை. எந்தக் கருவியைச் சேர்க்கலாம்?

டீச்சர், கருவியைச் சேர்ப்பது பத்து நிமிட வேலை. தலைவலி உங்கள் கோப்புகளில் இருக்கிறது.

ஒரு கோப்பைத் திறந்து, ஏதாவது ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது வெறும் படம். தேர்ந்தெடுக்க முடிந்தும் ஆங்கில எழுத்துக் குப்பையாக விழுந்தால் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. மூன்றாவது வகைதான் ஆளை ஏமாற்றும்: எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடாகவே இருக்கும், ஆனால் ‘கொக்கு’ என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், துணைக்கால் ஒரு பக்கம் எனப் பிரிந்து விழும். கோப்பில் கண்ணுக்குச் சரியாகத் தெரியும், கணினிக்கு அது வேறு சொல்.

இது ஏன் முக்கியம்? குறிப்பைப் பக்கத்தின் எந்த இடத்தில் ஒட்டுவது என்பதை இந்தக் கருவிகள் எழுத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கின்றன. மாணவர் தேர்ந்தெடுத்த தொடரையும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள சில எழுத்துகளையும் சேமித்துக்கொள்ளும். அடுத்த முறை பக்கம் திறக்கும்போது அதே வரிசையைத் தேடும். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2017இல் வெளியிட்ட வலைக்குறிப்புத் தரத்திலும் இந்த வழி இருக்கிறது. எழுத்து இல்லாத படத்தில் தேட என்ன இருக்கிறது?

ஆகவே பி.டி.எஃப்.பை விட்டுவிடுங்கள். ஸ்கேன் கோப்பைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தாக மாற்றிக் கொடுக்கும். ரகரத்தையும் துணைக்காலையும் குழப்பிவிடும், கட்டாயம் மெய்ப்பு பாருங்கள். பிறகு அதைச் சாதாரண வலைப்பக்கமாக உங்கள் தளத்தில் போடுங்கள். குறிப்பு எழுதத் தொடங்கிய பின் பத்தியை மாற்றாதீர்கள். சின்ன எழுத்துப்பிழையைத் திருத்தினால் பெரும்பாலும் தாங்கும். பத்தியையே தூக்கினால் குறிப்பு அனாதையாகத் தனிப் பட்டியலில் போய் நிற்கும்.

கருவி என்று கேட்டால் நான் ஹைப்போதிசிஸைச் சொல்வேன். லாப நோக்கமற்ற அமைப்பாகத் தொடங்கியது. உங்கள் தேவைக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. தளத்தின் நிரலில் ஒரே ஒரு ஸ்கிரிப்ட் வரியைச் சேர்த்தால் பக்கத்தின் வலப்பக்கம் ஒரு பட்டை வரும். மாணவர் கணினியில் எதையும் நிறுவ வேண்டாம், ஒரு கணக்கு மட்டும் போதும்.

இங்கேதான் நான் சூடுபட்டேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பெரியவர்களுக்கான மாலை வகுப்பு ஒன்றில் தனிக்குழு உருவாக்கியிருந்தேன். ஆனால் பட்டையின் மேலே ‘பொது’ என்று இருந்ததை மாற்றச் சொல்ல மறந்துவிட்டேன். அன்று எழுதிய எல்லாமே உலகத்துக்குத் தெரிந்தது. பெரியவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். உங்களிடம் இருப்பது பள்ளிப் பிள்ளைகள். முதலில் தனிக்குழு, அழைப்பு இணைப்பு, பிறகு ஒவ்வொருவர் திரையிலும் குழுவின் பெயர் தெரிகிறதா என்று நீங்களே பாருங்கள். கணக்கின் பெயரில் முழுப் பெயரோ பள்ளிப் பெயரோ வேண்டாம்.

இன்னொன்று: வெறும் வண்ணக்கோடு போட்டால் போட்டவருக்கு மட்டுமே தெரியும். “நான் செய்துவிட்டேன் டீச்சர்” என்பார்கள், உங்கள் திரையில் ஒன்றும் இருக்காது. குறிப்பு எழுதும் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள்.

வகுப்பில் ஐந்தாறு பேர்தான் என்றால் கூகுள் டாக்ஸில் கருத்துரை வசதியே போதும் என்று சொல்லியிருப்பேன். 18 பேர் ஒரே ஆவணத்தில் எழுதினால் ஓரம் சந்தைக்கடை.

கைப்பேசியில் இந்தப் பட்டை பாடத்தையே மூடிவிடும், விரலால் ஒரு தொடரைச் சரியாகப் பிடிப்பதும் சிரமம். கணினி இல்லாத பிள்ளைகளை மற்றவர்களோடு இருவர் இருவராகச் சேர்த்து, முதல் வாரம் ஒரே ஒரு பாடத்தை மட்டும் கொடுத்துப் பாருங்கள். “கருத்து எழுதுங்கள்” என்று சொன்னால் ‘அருமை’ என்று 18 வரும். “இந்தப் பத்தியில் உங்களுக்குப் புரியாத ஒரு சொல்லைப் பிடித்துக் கேள்வி கேளுங்கள், இன்னொருவர் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்” என்று கேளுங்கள்.