பிசினும் கீலும்

கேள்வி: சூப்பர்மேன் படங்களில் கிறிஸ்துவின் சாயல் இருப்பதாக எழுதுகிறார்கள். வானத்திலிருந்து இறங்கி வந்து உலகைக் காப்பது நம் அவதாரக் கதைதானே? நம்மிடம் காப்பியடித்ததை ஒத்துக்கொள்ள ஏன் மனம் வரவில்லை?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: 'அவதாரம்' என்று எழுதிவிட்டீர்கள். அந்தச் சொல்லை விட்டு நான் நகர்வதாக இல்லை. அவதாரம் என்றால் இறங்குதல். இறங்குகிறவருக்குத் தான் யார், எதற்கு வருகிறோம், யார் கதையை முடிக்கப் போகிறோம் எல்லாம் தெரியும். சூப்பர்மேன் இறங்கி வந்தவன் இல்லை, தப்பவிடப்பட்டவன். 1938-ல் வந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் முதல் பக்கத்திலேயே அது இருக்கிறது. ஒரு கிரகம் அழிகிறது. ஒரு விஞ்ஞானி அவசர அவசரமாக ஒரு விண்கலத்தைச் செய்து, கைக்குழந்தையை அதில் வைத்துப் பூமிக்கு அனுப்பிவிடுகிறார். அந்த 'அவசர அவசரமாக' என்பதில்தான் முழுக் கதையும் இருக்கிறது. தெய்வ சங்கல்பத்துக்கு ஏது அவசரம்?

பைபிளில் மோசே பிறந்த கதையை, யாத்திராகமம் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். எபிரேயருக்கு, அதாவது யூதர்களின் முன்னோருக்கு, பிறக்கும் ஆண் குழந்தைகளையெல்லாம் ஆற்றில் போடச் சொல்லி பார்வோன் கட்டளை. மூன்று மாதம் பிள்ளையை ஒளித்துவைத்த தாய், இனி முடியாது என்றதும் ஒரு நாணற்பெட்டியை எடுத்து அதற்குப் பிசினும் கீலும் பூசுகிறாள். அந்தக் கீல் பூசும் கையை எத்தனை முறை படித்தாலும் என்னால் தாண்ட முடிவதில்லை. பெட்டிக்குள் தண்ணீர் புகக்கூடாது, அவ்வளவுதான் அவள் வேண்டுதல். உலக ரட்சிப்பெல்லாம் அவள் நினைப்பிலேயே இல்லை.

சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். ஷூஸ்டரின் அப்பா தையற்காரர். சீகலின் அப்பா கிளீவ்லாந்தில் பழைய துணிக்கடை வைத்திருந்தார். 1932-ல் கடையில் திருட்டு நடந்த இரவில் மாரடைப்பில் இறந்துபோனார். 1940-ல் சூப்பர்மேன் ஹிட்லரைப் பிடித்துவருவதாக இவர்கள் ஒரு கதை போட்டதும், நாஜி எஸ்.எஸ். படையின் பத்திரிகை சீகலை யூதன் என்று சொல்லியே வசைபாடியது. நாயகனின் உண்மைப் பெயர் கால்-எல். 'எல்' என்றால் எபிரேயத்தில் கடவுள். நம் ஊர் சாமுவேல், தானியேல், இம்மானுவேல் எல்லோரும் அந்த 'எல்'லைத்தான் சுமக்கிறார்கள்.

கண்ணனும் கூடையில் போனவன்தானே என்று அடுத்த வாரம் எழுதுவீர்கள். போனான். ஆனால் பிறந்த கணத்திலேயே சங்கு சக்கரத்தோடு பெற்றோருக்குத் தரிசனம் தந்துவிட்டுப் போனவன் அவன். நம் பக்கத்தில் உறவு தேடுவதென்றால் கர்ணனிடம் போங்கள். பேழையில் வைத்து ஆற்றில் விட்ட பிள்ளை, எடுத்து வளர்த்தவள் தேரோட்டியின் மனைவி ராதை, அவள் பெயராலேயே அவன் ராதேயன். கன்சாஸ் விவசாயி வீட்டில் வளர்ந்த சூப்பர்மேனுக்கு 'கிளார்க்' என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா? காமிக்ஸ் கதைகளின்படி, அது வளர்ப்புத்தாய் மார்த்தாவின் பிறந்த வீட்டுப் பெயர். குழந்தையைச் சுற்றிவந்த போர்வையைப் பிரித்து அந்த நீல உடையையும் சிவப்பு மேலங்கியையும் தைத்துக் கொடுத்தவளும் அவள்தான். இதற்காக, வியாசரிடம் திருடினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளையைத் தண்ணீரில் விட்டாவது பிழைக்கவைக்க நினைத்த தாய்கள் எல்லா ஆற்றங்கரையிலும் இருந்திருக்கிறார்கள். எதைக் கண்டாலும் 'நம்மிடமிருந்து போனது' என்று வரும் கடிதங்களோடு இந்தப் பக்கத்தில் நான் மல்லுக்கட்டுவது இது முதல் முறையல்ல. இனியும் விடப்போவதில்லை.

நீங்கள் சொன்ன கிறிஸ்து சாயல், சினிமாக்காரர்கள் பிறகு ஏற்றியது. 1978 படத்தில் தந்தையாக வரும் மார்லன் பிராண்டோ 'என் ஒரே மகனை அவர்களிடம் அனுப்புகிறேன்' என்கிறார். நேரே யோவான் 3:16, ஒரேபேறான குமாரன். 2013-ல் வந்த 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்தில் நாயகனுக்கு வயது 33. தேவாலயத்தில் அவன் உட்கார்ந்து பேசும்போது, பின்னால் வண்ணக் கண்ணாடியில் இயேசு ஜெபிக்கிறார். படக் கம்பெனி போதகர்களுக்குத் தனிக் காட்சி போட்டு, பிரசங்கக் குறிப்பும் எழுதிக் கொடுத்தது. விசுவாசிகள் அதைப் பார்த்து உருகினால் எனக்கு வருத்தமில்லை. கீல் பூசிய தாயை மறந்துவிட்டார்களே என்பதுதான் வருத்தம்.

காப்பி பற்றிக் கேட்டீர்கள். நிஜமான களவு ஒன்று நடந்தது. சூப்பர்மேனின் முழு உரிமையும் 1938-ல் 130 டாலருக்குக் கைமாறியது. அதுவும் சீகல், ஷூஸ்டர் இருவருக்கும் சேர்த்து. பிறகு வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள், கதையில் போட்டுவந்த அவர்கள் பெயரும் போயிற்று. எழுபதுகளில் சீகல் தபால் பிரிக்கும் குமாஸ்தா, ஷூஸ்டருக்குக் கண் பார்வை கிட்டத்தட்ட போய்விட்டது. சீகல் பத்திரிகைகளுக்கு எழுதி நியாயம் கேட்ட பிறகு, 1975-ல் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் தர உரிமைக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள், பெயரைத் திரும்பப் போடவும். கதை எழுதியவன் பெயரைப் போடுங்கள் என்று நம் தயாரிப்பாளர்களிடம் நான் கேட்டுக்கொண்டே இருப்பது இதனால்தான்.

1978 படத்தை மறுபடி பார்க்க வாய்த்தால், தொடக்கத்தில் ஓடும் பெயர்களை ஓட்டிவிடாதீர்கள். தையற்காரர் மகனும் துணிக்கடைக்காரர் மகனும் அங்கே இருக்கிறார்கள்.