இவ்வளவு அகலமான பந்தயக் கட்டமரான் ஏன் கவிழ்கிறது? கவிழாமல் ஓட்டுவது எப்படி?

மகன் பொல்கொட வாவியில் கட்டமரான், அதாவது இரண்டு ஹல்களை (படகு உடல்களை) அகலமாக இணைத்த பாய்ப்படகு, ஓட்டப் பழகுகிறான், "இது அகலமான படகு, கவிழாது" என்று எல்லோரும் சொல்கிறார்கள், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே வாவியில் ஓட்டுகிறவன். நம்ப வேண்டாம். அகலம் காப்பாற்றும், ஆனால் ஓர் அளவு வரைக்கும்தான்.

ஒற்றை ஹல் உள்ள பெரிய பாய்ப்படகுக்கு அடியில் ஈயக் கனம் இருக்கும். காற்று தள்ளினால் படகு சாயும். சாயச் சாயப் பாயில் பிடிபடும் காற்று குறையும், ஈயம் நிமிர்த்தும் பலம் கூடும். கட்டமரானில் நிலைமை வேறு. காற்று வரும் பக்கத்து ஹல் தண்ணீரை விட்டுக் கிளம்புகிற அந்தக் கணத்தில்தான் நிமிர்த்தும் பலம் உச்சத்தில் இருக்கிறது. அதற்கு மேல் சாய்ந்தால் அது குறைந்துகொண்டே போகும். முழுதாகக் கவிழ்ந்துவிட்டால் தலைகீழாகவும் உறுதியாக நிற்கும், தானாக நிமிராது.

சாயாததால் இன்னொரு வில்லங்கமும் உண்டு. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 10 நொட் (மணிக்கு 10 கடல்மைல்) காற்று 14 ஆனால் பாயில் சுமை ஏறக்குறைய இரண்டு மடங்கு, 20 ஆனால் நான்கு மடங்கு. சாய்ந்து கழிய வேண்டிய அந்தச் சுமை பாய்மரத்துக்கும் அதைத் தாங்கும் கம்பிகளுக்கும் பாயை இழுத்துப் பிடிக்கும் மெயின்ஷீட் கயிற்றுக்கும் போகிறது. பெரிய பந்தயப் படகுகளில் கம்பிகளின் இழுவையை அளக்கும் கருவிகளே பூட்டியிருப்பார்கள். சின்னப் படகில் கருவி உங்கள் மகனின் கைதான். ஷீட் கயிற்றைப் பூட்டில் மாட்டிவிட்டு உட்கார விடாதீர்கள். அது எந்நேரமும் கையில் இருக்க வேண்டும்.

ஹோபி 16 என்ற சின்னக் கட்டமரானை எடுத்துக் கணக்குப் பார்ப்போம். எடை சுமார் 145 கிலோ, அகலம் 2.4 மீட்டர். படகின் சொந்த எடை நிமிர்த்துவது 145-ஐப் பாதி அகலமான 1.2-ஆல் பெருக்கினால், ஏறக்குறைய 174 கிலோ-மீட்டர். ஆளுக்கு 75 கிலோ வீதம் இரண்டு பேர் ட்ரபீஸில் (இடுப்புப் பட்டியைப் பாய்மரத்திலிருந்து வரும் கம்பியில் மாட்டி) வெளியே தொங்கினால், 150 கிலோ மறுபக்க ஹல்லிலிருந்து சுமார் 3.3 மீட்டர் தூரத்தில் இழுக்கும்: 495. ஆக, படகைப் பிடித்து வைப்பது பெரும்பாலும் ஆட்கள்தான். ஒருவர் கால் வழுக்கி உள்ளே விழுந்தால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். நீர்கொழும்பில் ஒருவா என்ற பக்கத் தடி வைத்த பாய்ப்படகு ஓட்டுகிறவர்களுக்கு இது பழைய பாடம்: காற்று ஏறினால் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகப் பக்கத் தடியில் வெளியே போய் நிற்பார்கள்.

பக்கவாட்டில் கவிழ்வதைவிட நான் பயப்படுவது மூக்குக் குத்துவதைத்தான். காற்றுப் பக்கவாட்டில் அடிக்கும்போது வேகம் ஏறி, மறுபக்க ஹல்லின் மூக்கு தண்ணீருக்குள் புகும். பின்பக்கம் கிளம்பும், சுக்கான் பிடிமானம் போகும், படகு முன்னால் புரளும். காற்றுக்கு எதிரே ஏறிக்கொண்டிருக்கும் படகைக் காற்று போகும் பக்கம் திருப்பும்போது இந்த ஆபத்து வலயத்தைக் கடந்தே ஆக வேண்டும். 2012 ஒக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் ஒராக்கிள் அணியின் ஏசி72 என்ற பெரிய பந்தயக் கட்டமரான் அப்படித் திரும்பும்போதுதான் குத்தியது. அடுத்த மே மாதம் அதே குடாவில் ஆர்ட்டெமிஸ் அணியின் படகு உடைந்து கவிழ்ந்தது; ஒலிம்பிக் தங்கம் வென்ற அண்ட்ரூ சிம்சன் உயிரிழந்தார். உலகத் தரமான ஆட்கள் அவர்கள்.

எனவே மகனிடம் சொல்ல வேண்டியது இதுதான். காற்றுக்கு எதிரே ஏறும்போது பலத்த வீச்சு வந்தால் ஷீட்டை விட்டு மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பட்டும். நன்றாகக் காற்றோடு இறங்கும்போது மூக்கை இன்னும் காற்று போகும் பக்கம் திருப்பட்டும். இரண்டுக்கும் நடுவில், பக்கவாட்டில் ஓடினால், முதலில் ஷீட்டைத் தளர்த்தி உடம்பைப் பின்னால் நகர்த்த வேண்டும். பாயைக் குறைப்பது சராசரிக் காற்றைப் பார்த்தல்ல, வீச்சைப் பார்த்து. பொல்கொடவில் சோளகம் தென்னைகளுக்கு மேலால் துண்டு துண்டாக இறங்கும். தண்ணீர் கறுத்து ஓடி வருவது கண்ணுக்குத் தெரியும். அந்தக் கறுப்பு படகைத் தொடுமுன் ஷீட் கொஞ்சம் தளர்ந்திருக்க வேண்டும்.

கவிழ்ந்தால் படகை விட்டு நீந்தக் கூடாது. முதலில் கூட வந்தவர் பாய்க்கு அடியில் இல்லையா என்று பார்க்க வேண்டும். பிறகு எல்லா ஷீட்டுகளையும் பூட்டிலிருந்து விடுவித்து, பாய்மரத்தின் நுனி காற்றுப் பக்கம் வரும்படி படகைத் திருப்பி, நிமிர்த்தும் கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து இழுக்க வேண்டும். ட்ரபீஸ் பெல்ட்டில் கயிறு அறுக்கும் சிறு கத்தி கட்டாயம். மீட்பு மோட்டார் படகு ஆயத்தமாக இல்லாத நாளில் அவனைத் தண்ணீரில் இறங்க விடாதீர்கள்.