கோர்ட்டில் பொய் சொன்னால்: சேலம் வாசகர்களின் கேள்விகளும் ஒரு வழக்கறிஞரின் பதில்களும்

ஓமலூர் வாசகர்: ஐயா, பாகப்பிரிவினை வழக்கில் என் சித்தப்பா, காலமான தாத்தாவின் கைரேகை உள்ளதாக ஓர் உயிலைத் தாக்கல் செய்திருக்கிறார். அது போலி என்று காவல் நிலையத்துக்குப் போனால், கோர்ட்டில் இருக்கும் பத்திரம், அங்கேயே கேளுங்கள் என்கிறார்கள்.

பதில்: இதில் இரண்டு குற்றங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உயில் கோர்ட்டுக்கு வருவதற்கு முன்பே வெளியில் புனையப்பட்டிருந்தால், அந்தப் போலியாக்கம் குறித்துக் காவல் துறையிடம் புகார் கொடுக்கத் தடையில்லை என்று 2005-இல் இக்பால் சிங் மர்வா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் அந்த உயிலை ஆதரித்துச் சித்தப்பா கூண்டில் சத்தியம் செய்து பொய் சொன்னால், அதைச் சட்டம் நீதிக்கு எதிரான குற்றமாகக் கருதுவதால், நீங்கள் நேரடியாக வழக்குத் தொடுக்க இயலாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 379-ஆம் பிரிவின்கீழ், அதாவது பழைய நடைமுறைச் சட்டத்தின் 340-இன்கீழ், அதே கோர்ட்டில் மனுச் செய்ய வேண்டும். நடவடிக்கை எடுப்பது நீதியின் நலனுக்குத் தேவை என்று நீதிபதி கருதினால், கோர்ட்டே மாஜிஸ்திரேட்டுக்கு எழுத்துமூலம் புகார் அனுப்பும். குற்றம் நிரூபணமானால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 229-ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

இந்த மனுவை வழக்கின் நடுவில் அவசரமாகப் போடுவதை நான் ஏற்பதில்லை, ஏனென்றால் பொய் இன்னும் உடைபடாத நிலையில் அது பழிவாங்கலாகவே தோன்றும். தாத்தா உயிரோடிருந்தபோது பத்திரம் பதிந்திருந்தால், சார்பதிவாளர் அலுவலகக் கைரேகைப் பதிவேட்டை வரவழைத்து, நிபுணர் ஒப்பீட்டுக்கு அனுப்பக் கேளுங்கள். உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்திட்ட இருவரையும் தனித்தனியே, நாள், இடம், உடனிருந்தோர் என்று விவரமாகக் குறுக்கு விசாரணை செய்யச் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை வாசகி: எழுபது வயதான என் தாயார் சாட்சி சொல்லும்போது பதற்றத்தில் கிரய ஆண்டைத் தவறாகச் சொல்லிவிட்டார். அவருக்குத் தண்டனை வருமா?

பதில்: வராது, அம்மா. பொய் என்று அறிந்தோ, மெய் என்று நம்பாமலோ சொன்னால்தான் குற்றம். மறுவிசாரணையில், அதாவது குறுக்கு விசாரணைக்குப் பின் உங்கள் தரப்பு வக்கீல் மீண்டும் கேள்வி கேட்கும்போது, அந்த ஆண்டைத் தெளிவுபடுத்தும்படி உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள்.

ஏற்காடு வாசகர்: எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருக்கிறேன். மிளகு மூட்டை திருட்டு வழக்கில், ஒரு கூலித் தொழிலாளி மூட்டையைத் தூக்கிப் போனதைப் பார்த்ததாக, மேலிருப்பவர்கள் சொன்னபடி போலீசில் சொல்லிவிட்டேன். நான் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் பிறழ் சாட்சி என்று என்னைச் சிறையில் போடுவார்களா?

பதில்: பிறழ் சாட்சி என்று அறிவிப்பது தண்டனை அன்று; உங்களை அழைத்த தரப்பே உங்களைக் குறுக்கு விசாரணை செய்யக் கோர்ட் தரும் அனுமதி மட்டுமே. விசாரணையின்போது போலீஸ் எழுதிக்கொண்ட வாக்குமூலம் சத்தியத்தின்மேல் கொடுத்தது அல்ல. கூண்டில் நீங்கள் சொல்வதற்கு அது முரணானது என்று காட்டவே பயன்படும். மாஜிஸ்திரேட் முன் சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுத்திருந்தால் மட்டும் இரண்டுக்கும் இடையிலான முரண் உங்களைப் பாதிக்கக்கூடும். அப்படியிருந்தால் கூண்டேறுமுன் தனியாக ஒரு வக்கீலைப் பாருங்கள். பொய்ச் சாட்சி சொல்லும்படி உங்களை மிரட்டுவது பாரதிய நியாய சன்ஹிதா 232-ஆம் பிரிவின்கீழ் தனிக் குற்றம், அதற்கும் 7 ஆண்டு வரை சிறை உண்டு. நீங்கள் பார்க்காத ஒன்றுக்காக ஒரு கூலித் தொழிலாளி சிறைக்குப் போகக் கூடாது. தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள்.

ஆத்தூர் வாசகர்: எதிர்த்தரப்பார் தம் உரிமையை விட்டுக்கொடுத்துத் தாமே எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரத்தை மறைத்து, எங்கள் நிலத்தில் பங்குக்கு டிகிரி (கோர்ட்டின் தீர்ப்பாணை) வாங்கிவிட்டார். மேல்முறையீட்டுக் காலமும் முடிந்துவிட்டது.

பதில்: உங்கள் நிலைமையை ஒத்ததே செங்கல்வராய நாயுடு வழக்கு. அதிலும் விடுதலைப் பத்திரத்தை மறைத்துத்தான் பாகம் கேட்டார்கள். மோசடியால் பெற்ற தீர்ப்பு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் அறுதியிட்டது. டிகிரியை ரத்துச் செய்யத் தனி வழக்குப் போடலாம். மோசடி தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுதான் காலக்கெடு. முயன்றிருந்தால் முன்பே தெரிந்திருக்கும் என்று எதிர்த்தரப்பு வாதிடும் என்பதால், வில்லங்கச் சான்றும் பத்திர நகலும் நீங்கள் எந்த நாளில் வாங்கினீர்கள் என்பதற்கான ரசீதுகளை இன்றே எடுத்து வையுங்கள்.