கன்டென்சேட் பைப்பைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன்னால்

கேள்வி: எங்கள் சலவை ஆலையில் கன்டென்சேட் ரிட்டர்ன் லைன் (ஆவி குளிர்ந்து வரும் தண்ணீரைப் பாய்லருக்குத் திருப்பும் பைப்) போட்டு 3 வருடம்தான் ஆகிறது, 7 இடத்தில் ஒழுகுகிறது. 15 வருடம் உழைக்கும் என்று சொன்ன கான்ட்ராக்டர் இப்போது போனையே எடுப்பதில்லை. ஒரே ஒரு தடவை எடுத்தவர், "உங்க தண்ணி சரியில்லை" என்று கேவலமாகப் பேசினார். அடுத்த வாரம் முழு லைனையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றுகிறோம். செலவை அவரிடம் வாங்க முடியுமா?

பதில்: அவர் போனை எடுக்காதது, பேசின விதம் எல்லாம் வழக்கில் ஒரு வரிகூட வராது. 15 வருடம் என்றது வாய்வார்த்தை; ஆர்டரில் 12 மாத வாரன்டி என்று எழுதியிருந்தால் அதுவும் போயிற்று. மிச்சம் இருப்பது ஒரே கேள்விதான்: பைப் ஏன் தேய்ந்தது?

கன்டென்சேட் பைப்புக்கு இத்தனை வருடம் என்று ஆயுள் கிடையாது. தண்ணீரில் உள்ள பைகார்பனேட் பாய்லர் சூட்டில் உடைந்து கார்பன் டை ஆக்சைடாகி ஆவியோடு போகும், ஆவி குளிரும்போது அதில் கரைந்து கார்பானிக் அமிலமாகி, பைப்பின் அடிப்பக்கத்தை வாய்க்கால் மாதிரி அரித்துவிடும். மரை வெட்டிய இடம் ஏற்கெனவே மெலிந்தது என்பதால் முதலில் ஓட்டை விழுவது அங்கேதான். எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் சொல்வார், பாதி உண்மையும்கூட.

உங்களுக்குப் பிடி கிடைப்பது ஆர்டரில். ஷெட்யூல் 80 என்று இருக்கிறதா பாருங்கள்; ஷெட்யூல் என்பது பைப் சுவரின் தடிமனைச் சொல்லும் எண். 2 இன்ச் பைப்பில் அதன் சுவர் 5.54 மி.மீ., ஷெட்யூல் 40 என்றால் 3.91. அரிப்பு அடியில் என்பதால் மேல்பக்கச் சுவர் பெரும்பாலும் அப்படியே இருக்கும், அங்கே அளந்து பார்க்கச் சொல்லுங்கள். உற்பத்தியில் அனுமதிக்கிற 12.5 சதவீதத்தைக் கழித்தாலும் 80-க்கு 4.8-க்குக் கீழே வரக்கூடாது. 3.9 வந்தால் தண்ணீர்க் கதை எடுபடாது.

ஆனால் நீங்கள் அடுத்த வாரம் மாற்றப் போகிறேன் என்கிறீர்களே, என் பயமே அதில்தான். இதே மாதிரி ஒரு கட்சிக்காரர் லைன் மாற்றிய அன்றே பழைய பைப்பை லாரியில் ஏற்றிப் பழைய இரும்புக்கு அனுப்பிவிட்டு, போனில் ஆறு படத்தோடு என்னிடம் வந்தார். இது எந்த ஆலைப் பைப் என்று ஒரே கேள்வி கேட்டார்கள், பதில் இல்லை. அதனால் வெட்டுவதற்கு முன் கான்ட்ராக்டருக்குத் தேதி, நேரம் போட்டு, வந்து பார்க்கலாம் என்று எழுத்தில் அனுப்புங்கள், அனுப்பியதற்கு அத்தாட்சி வையுங்கள். வக்கீல் நோட்டீஸ் இப்போது வேண்டாம், சாதாரணக் கடிதம் போதும். அவர் வராவிட்டாலும் உங்களுக்கு நஷ்டமில்லை. மரை, எல்போ, நேர்ப் பைப் மூன்றிலும் துண்டு எடுத்து, எது மேல்பக்கம், எந்தத் திசையில் ஓடியது என்று பெயின்டில் குறியுங்கள். உள்ளே படிந்திருப்பதைத் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள், லேபுக்கு வேண்டியதே அதுதான். ஒரு செட்டைத் தொடாமல் பூட்டி வையுங்கள்.

அப்புறம் பாய்லர் லாக் புக். பிஹெச் (தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) எழுதாத நாட்களை இப்போது உட்கார்ந்து நிரப்ப வேண்டாம். தொண்ணூறு நாளும் ஒரே பேனாவில் 8.5 என்றிருந்தால் குறுக்கு விசாரணையில் உங்கள் ஆபரேட்டர் அழுதுவிடுவார், வழக்கும் அதோடு சரி.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் விலையை முழுசாகக் கேட்பதை மறந்துவிடுங்கள். கார்பன் ஸ்டீல் வாங்கியவருக்குக் கார்பன் ஸ்டீல் கணக்குதான், அதிலும் ஓடின 3 வருடத்தைக் கழிப்பார்கள். அதற்காக ஒழுகட்டும் என்று விட்டும் வைக்காதீர்கள், அதனால் ஏறும் நஷ்டம் உங்கள் தலையில்தான் விழும்.

ஆர்டரில் ஷெட்யூலே எழுதவில்லை, அல்லது அந்த அமிலத்தை முறிக்கும் அமீன் மருந்து விடுவதை நீங்களே நடுவில் நிறுத்திவிட்டீர்கள் என்றால் சமரசத்துக்குப் போங்கள். பைப் உங்களுடையது, கூலி அவருடையது என்று பேசி முடித்து, இந்தத் தடவை ஷெட்யூலையும் பிஹெச் பார்ப்பது யார் பொறுப்பு என்பதையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மேல்பக்கம் 3.9 என்று லேப் ரிப்போர்ட் வந்தால் மட்டும் ஆர்டர் காப்பியோடு வாருங்கள்.